களியக்காவிளைக்குச் சென்னை ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள்தான். ஆனாலும் அம்மாவின் சின்ன வயதில் வீட்டு டிவியில் ஓடியதெல்லாம் திருவனந்தபுரம் தூர்தர்ஷன், சென்னை வரவே வராதாம், இது வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பா என்று முதலில் கேட்கிறீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் இன்றைக்கும் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான டிடி தமிழ் வருவதில்லை, அதற்கு வழி உண்டா என்பது இரண்டாவது. எனக்கு என்னவோ இரண்டும் ஒரே கேள்வி போலத்தான் படுகிறது. எல்லையில் இருக்கிற ஒரு வீட்டுக்கு எந்த ஊர் நிலையம் வரவேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அன்றைக்கு மலை முடிவு செய்தது. இன்றைக்குக் கேபிள்காரர் கையில் இருக்கிற பட்டியல் முடிவு செய்கிறது.

நான் 1985-இல் மார்த்தாண்டத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். ஆன்டெனா கட்டப் போனேன், அப்புறம் கேபிள் லைன் இழுத்தேன், இப்போது டிஷ்ஷும் சிசிடிவியும் மாட்டுகிறேன். அலை எப்படி வரும், ஏன் வராது என்பதை நம்பிக்கையாகச் சொல்வேன். டவரை எந்த ஊரில் வைப்பது என்று முடிவெடுத்தவர்கள் மனதில் என்ன ஓடியது என்று கேட்டால் அது என் தொழில் இல்லை. அதனால் எது கணக்கு, எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. களியக்காவிளைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டிலேயே 600 கிலோமீட்டருக்கு மேல். டிவி அலை ரேடியோவின் மீடியம் வேவ் மாதிரி தரையோடு தவழ்ந்து வராது. கண்பார்வை போல நேராகப் போகும், பூமியின் வளைவில் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். எத்தனை உயரமாக டவர் கட்டினாலும் சென்னையிலிருந்து நேராக நம் ஊருக்கு வர வழியே இல்லை. ஆனால் திருவனந்தபுரம் குடப்பனக்குன்னு நமக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே 1985 ஜனவரி 1 முதல் மலையாள நிகழ்ச்சிகள் தொடங்கின, அதற்கு முன்பே டெல்லி நிகழ்ச்சி ரிலே ஆகிக்கொண்டிருந்தது, அதாவது அங்கே செய்ததை வாங்கி இங்கே திருப்பி அனுப்பினார்கள். குன்றின் மேல் டவர், அதுவும் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர். நம் பக்கம் மொட்டை மாடியில் ஒரு கம்பியை நட்டாலே படம் கண்ணாடி மாதிரி விழும். பூஸ்டர்கூட வேண்டாம். சில வீடுகளில் ஆன்டெனாவைக் கட்டுவதற்கு முன்பே, வயர் முனையை விரலால் பிடித்தால் படம் நிழலாட்டமாக வரும்.

தென் மாவட்டங்களுக்குச் சென்னை நிகழ்ச்சியைக் கொண்டுவருவதற்குக் கொடைக்கானலில்தான் உயர்சக்தி நிலையம் வைத்தார்கள். நல்ல இடம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரே 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து கிளம்பும் அலை சமதரையில் சுமாராக 190 கிலோமீட்டர் வரைக்கும் தடையில்லாமல் போகும். மதுரை, விருதுநகர், நெல்லையின் பெரும்பகுதி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். களியக்காவிளை இருப்பது 210 கிலோமீட்டருக்கு மேலே. தூரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் உயரமான கம்பமும் நல்ல பூஸ்டரும் போட்டுக் கொஞ்சமாவது இழுத்திருக்கலாம், ஆரல்வாய்மொழி பக்கம் அப்படி இழுத்துப் பார்த்தவர்கள் உண்டு. நமக்கு நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஒரு வரைபடத்தை எடுத்துக் கொடைக்கானலிலிருந்து களியக்காவிளைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகும். அதாவது பொதிகை மலை. சென்னை நிலையத்தின் அலைவரிசைக்குப் பின்னாளில் பொதிகை என்று பெயர் வைத்தபோது கடையில் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நமக்குச் சென்னையை மறைத்த மலையின் பெயரையே சென்னைக்கு வைத்துவிட்டார்கள்.

ஆகவே, வேண்டுமென்றே சென்னையை நமக்குக் காட்டாமல் மறைத்தார்கள் என்பதற்கு அலைக்கணக்கில் இடமே இல்லை. இது உறுதி. மலைக்கு இந்தப் பக்கம் சென்னை நிகழ்ச்சியோடு ஒரு டவரை முதலிலேயே வைத்திருக்கலாமே என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் சின்ன ஊர்களுக்கு வந்தது நூறு வாட் சக்தியுள்ள குட்டி ரிலே, சுற்று வட்டாரம் இருபது கிலோமீட்டர் எட்டினால் பெரிய விஷயம். 1983-இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேலே போனபிறகு, 1984-இல் நாடு முழுக்க மளமளவென்று இப்படிப்பட்ட ரிலேக்களைத் திறந்தார்கள். ஆனால் அந்த ரிலே செயற்கைக்கோளிலிருந்து இறக்கிக் கொடுத்தது பெரும்பாலும் டெல்லி நிகழ்ச்சியைத்தான். தமிழ்நாட்டுக்குள்ளேயே எத்தனையோ ஊரில் டிவி வந்த புதிதில் மணிக்கணக்கில் இந்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எல்லைக்காரர்கள் நாம் மறந்துவிடுகிறோம். நமக்கு மட்டும் ஓரவஞ்சனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நடந்த போராட்டத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு, தமிழ்நாட்டோடு சேர்ந்து முப்பது வருஷம் கழித்தும் கூடத்தில் மலையாளம் பேசும் பெட்டி வேறு மாதிரி வலித்திருக்கும், அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். என் அபிப்பிராயம் இதுதான்: மலை மறைத்தது உண்மை, அந்த மறைவை நிரப்புவது யாருக்கும் அவசரமாகப் படவில்லை என்பதும் உண்மை.

அந்தக் காலத்து வேலை எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அவர் சொல்வார். ஒரு ஆன்டெனா கட்ட மூன்று பேர் வேண்டும். ஒருவன் ஓட்டு மேல் ஏறிக் குழாயைப் பிடித்துத் திருப்புவான், ஒருவன் ஜன்னலில் நிற்பான், வீட்டுக்காரர் டிவி முன்னால். "தெரியுதா?" "வருது, வருது, போயிட்டு!" "இப்போ?" "ஆளு தெரியுது, ஆனா ரெண்டு மூக்கு!" ரெண்டு மூக்கு என்பது எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. நேராக வரும் அலை ஒன்று, பக்கத்துக் குன்றில் மோதித் திரும்பிக் கொஞ்சம் தாமதமாக வரும் அலை இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால் படத்துக்குப் பக்கத்தில் நிழல்போல இன்னொரு படம். விளவங்கோட்டு மேடுபள்ளத்தில் பள்ளத்து வீடு என்றாலே இதுதான் கதை. பூஸ்டர் போட்டால் போய்விடும் என்று கடைக்காரர்கள் தலையில் கட்டுவார்கள். போகாது. பூஸ்டர் வருவதைத்தான் பெரிதாக்கும், நிழலையும் சேர்த்தே பெரிதாக்கும், கொசுகொசுவென்று வரும் புள்ளிகளையும் பெரிதாக்கும். ஆன்டெனாவை இரண்டடி தள்ளி வைத்துப் பார்ப்பதுதான் மருந்து. கடலோரம் கொல்லங்கோடு, நீரோடி பக்கமெல்லாம் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது, நட்டு போல்ட்டெல்லாம் துருவேறிப் பிடித்துக்கொள்ளும், கழற்றப் போனால் கையோடு குழாயே வந்துவிடும்.

வசதி உள்ள வீட்டுக் கம்பத்தில் இரண்டு ஆன்டெனா இருக்கும். ஒன்று வடமேற்கே திருவனந்தபுரத்தைப் பார்க்கும். இன்னொன்று நீளமான கம்பிகளோடு, பூஸ்டர் டப்பாவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிழக்கு தென்கிழக்கே பார்க்கும். அது இலங்கைக்கு. இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அவர்களுடைய டவர் இருக்கும் பீதுருதாலகால மலை 2524 மீட்டர் உயரம், நமக்கு 400 கிலோமீட்டருக்கும் அப்பால். கணக்குப்படி பார்த்தால் அதுவும் நமக்கு வரவே கூடாது. வந்தது. காரணம் நடுவில் இருக்கும் மன்னார் வளைகுடா. காற்றில்லாத இறுக்கமான சாயங்காலங்களில் கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் அடுக்காக நிற்கும், அந்த இரண்டு அடுக்குக்கு நடுவே அலை குழாய்க்குள் போவது மாதிரி மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்துவிடும். அதனால்தான் ஒருநாள் பளிச்சென்று தெரியும், மறுநாள் வெறும் இரைச்சல். "நேத்து வந்துதே, இன்னைக்கு உன் வேலை சரியில்லை" என்று காலையில் கடை வாசலில் வந்து நிற்பார்கள். வானத்தைக் காட்டி விளக்கினால் யார் கேட்பார்கள், சரி என்று மறுபடியும் ஏறித் திருப்பிவிட்டு வருவேன், அன்று இரவு தானாகவே வந்துவிடும், கெட்டிக்காரன் என்று பெயரும் கிடைக்கும்.

இதில் வேடிக்கை, எங்கள் பகுதியில் பல வீடுகளில் தொலைக்காட்சியில் கேட்ட முதல் தமிழ்ச் செய்தி ரூபவாகினியுடையது. சென்னையில் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ஒளியும் ஒலியும் ஓடும்போது தெருவே வெறிச்சோடும் என்று நெல்லைக்காரர்கள் கதை சொல்வார்கள். நமக்கு அது அடுத்த ஊர்த் திருவிழா மாதிரி, சத்தம் காதில் விழும், பார்க்க முடியாது.

சரி, திருவனந்தபுரத்தைப் பார்த்ததால் நமக்கு நஷ்டம் மட்டும்தானா என்றால், இங்கேதான் எனக்குக் கொஞ்சம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு மாநில நிலையத்தின் நிகழ்ச்சி அந்த மண்ணைப் பார்த்துத்தான் அமையும். சென்னையின் வயலும் வாழ்வும் நல்ல விவசாய நிகழ்ச்சி, பின்னாளில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்த அன்றெல்லாம் பேச்சு பெரும்பாலும் நெல், கரும்பு, கிணற்றுப் பாசனம். எங்கள் தொடுவட்டி, அருமனை பக்கத்து விவசாயிக்கு வேண்டியது ரப்பருக்கு மழைக்காலத்தில் பிளாஸ்டிக் எப்படிக் கட்டுவது, பட்டை அழுகினால் என்ன தடவுவது, மரச்சீனியில், அதாவது மரவள்ளியில், இலை சுருண்டால் என்ன, தென்னையில் மண்டை காய்ந்தால் என்ன. அதெல்லாம் திருவனந்தபுரத்து விவசாய நிகழ்ச்சியில் வந்தது. என் தாத்தா படிக்காதவர், அந்த நேரத்துக்குச் சரியாக வந்து பெஞ்சில் உட்காருவார், முடிந்ததும் துண்டை உதறிவிட்டு எழுந்து போவார், அடுத்து சினிமாப் பாட்டு வந்தாலும் நிற்க மாட்டார். மொழி அவருக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை. கேரளத்தில் பஸ் ஓடாது என்றால் முதலில் மாட்டிக்கொள்வது நாம்தான், பெரிய வியாதி என்றால் நாம் ஓடுவது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு, அந்தச் செய்தியெல்லாம் மலையாளச் செய்தியில்தான் உடனே தெரியும். ஆக, ஒரு நிலையத்துக்கு நம் மொழி தெரியும், நம் மண் தெரியாது. இன்னொன்றுக்கு நம் மண் தெரியும், நம் மொழி தெரியாது. அதற்காக இரண்டு பேரையும் குற்றம் சொல்லமுடியாது, அவரவர் தங்கள் ஆட்களுக்காகத்தான் நிகழ்ச்சி செய்தார்கள். நடுவில் இருந்த நாம் இரண்டு கணக்கிலும் விழவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மலையாளம் பேச்சு எங்கள் பக்கம் எல்லோருக்கும் புரியும், எழுத்துதான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் டைட்டிலைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். நான் ஒருத்தன். கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானின் டிவி சர்க்யூட் விவரத்தில் யாரோ மலையாளத்தில் எழுதி வைத்த குறிப்பைப் படித்துத்தான் முதல் ரிப்பேர் வேலையே தனியாகச் செய்தேன். இதனால் தமிழ் கெட்டுப்போனதா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் தமிழில் இருந்த வீட்டில் கெடவில்லை. நான் வேலைக்குப் போன வீடுகளை வைத்துச் சொல்கிறேன், அதற்கு மேல் ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது.

ஆந்திர எல்லையில் கதை அப்படியே தலைகீழ் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இது மாநில அரசியல் இல்லை, நில அமைப்பு என்று விளங்கும். சத்தியவேடு ஆந்திரத்தில் இருக்கிறது, சென்னையிலிருந்து நேர்கோட்டில் 55 கிலோமீட்டர்தான், நடுவே நம் மலை மாதிரி ஒரு மதில் இல்லை. அந்தத் தமிழ் வீடுகளின் எட்டும் தூரத்தில் இருந்தது சென்னைதான், ஐதராபாத் எங்கேயோ. அலைக்கு செக்போஸ்ட் கிடையாது.

செக்போஸ்ட் வந்தது கேபிளோடு. 1990களில் செயற்கைக்கோள் வழியாக எந்த ஊர் நிலையத்தையும் எந்த ஊரிலும் இறக்கலாம் என்று ஆனது, மலை ஒரு பொருட்டே இல்லை. உண்மையில் நம் பிரச்சினை அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கேபிள்காரர் கட்டாயம் காட்டவேண்டும் என்கிறது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதில் ஒரு மாநிலத்தின் மாநில மொழி அலைவரிசை ஒன்று என்கிற மாதிரி வாசகம் வந்தது, பிறகு எந்தெந்த அலைவரிசை என்று மத்திய அரசே அறிவிக்கும்படி திருத்தினார்கள். நடைமுறையில் கேபிள்காரர் என்ன செய்வார்? கேரளத்தில் தொழில் செய்கிறவர் மலையாளத்தைப் போடுவார், இந்தப் பக்கத்துக்காரர் தமிழைப் போடுவார். பனச்சமூட்டில் கடைத்தெருவின் ஒரு வரிசை ஒரு மாநிலம், எதிர்வரிசை இன்னொரு மாநிலம் என்கிற நிலை. அங்கே ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு கேபிள் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அக்கா வீட்டிலும் நடப்பது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். முதலில் கேபிள்காரரிடம் மரியாதையாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள், சில நேரம் செட்டாப் பாக்ஸில் எங்கேயோ ஒரு நம்பரில் ஒளிந்துகொண்டிருக்கும், ஒருவரும் தேடியிருக்க மாட்டார்கள். தேடும்போது பொதிகை என்று தேடவேண்டாம், 2024 ஜனவரி 19 முதல் பெயர் டிடி தமிழ்.

இல்லை என்றால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போடுங்கள். டிஷ், பாக்ஸ், மாட்டுக்கூலி ஒருமுறைச் செலவு, மாதச் சந்தா கிடையாது, டிடி தமிழும் டிடி மலையாளமும் இரண்டுமே அதில் உண்டு, மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டையும் வராது. பாக்ஸ் வாங்கும்போது எம்பெக் 4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று கேட்டு வாங்குங்கள், பழைய எம்பெக் 2 பாக்ஸ் மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய கம்பி ஆன்டெனா பரணில் இருக்கிறதே, அதைக் கட்டினால் வருமா என்று கேட்டுவிடாதீர்கள். பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் எல்லையோர முக்கியத்துவம் உள்ள சுமார் ஐம்பது இடங்களைத் தவிர மற்றதையெல்லாம் 2022 மார்ச்சோடு நிறுத்தும் திட்டத்தில் மூடிவிட்டார்கள். அந்தக் கம்பி துணி காயப்போட உதவும். செல்போனில் பார்த்தால் போதும் என்றால் யூடியூபில் டிடி தமிழ் இருக்கிறது, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியும் இருக்கிறது, ஆனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ரிமோட்டில் ஒரு நம்பரை அமுக்கினால் வருகிற மாதிரி இருப்பதுதான் நல்லது.

டிஷ் வைக்கிற திசை: ஃப்ரீ டிஷ் இருக்கும் செயற்கைக்கோள் கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது. பாறசாலையிலிருந்து அது கிழக்கு தென்கிழக்கே, நன்றாக மேலே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில். அந்தக் காலத்தில் இலங்கைக்குத் திருப்பி வைத்தோமே, கிட்டத்தட்ட அதே திசைதான், தலையை மட்டும் வானத்துக்குத் தூக்கவேண்டும். அவ்வளவு மேலே பார்ப்பதால் தூரத்துத் தென்னை எதுவும் மறைக்காது, வீட்டை ஒட்டி நிற்கிற மரத்தின் ஓலை மட்டும் காற்றில் ஆடிக் குறுக்கே வரும், அதை வெட்டிவிடச் சொல்லுங்கள். அடைமழை கொட்டும்போது பத்து நிமிஷம் படம் போகும், அது பழுது இல்லை, மழை விட்டால் வந்துவிடும், உடனே ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம். ஆங்கிளை முடுக்கும்போது நட்டை ஒரேயடியாக இறுக்காமல், சிக்னல் பட்டையைப் பார்த்துக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும். அதற்கு மட்டும் இன்னும் ஒருவர் மாடியிலும் ஒருவர் டிவி முன்னாலும் நிற்கத்தான் வேண்டும். இப்போது வீடியோ கால் போட்டுப் போனை டிவி முன்னால் சாய்த்து வைத்துவிடலாம், ஜன்னலில் நின்று கத்துகிற மூன்றாவது ஆளுக்கு வேலை போய்விட்டது.